பாலைவழியும் மூன்று நூல்களும்

பயண நூல்களைப் படிப்போருள் பலர், ஆசிரியர் எத்தனை தொலைவு சென்றார், என்னென்ன இடையூறுகளைக் கடந்தார் என்பதையே கணக்கிடுகின்றனர். அவர் சென்ற நிலத்தில் முன்னமே யார் வாழ்ந்தனர் என்று கேட்போர் சிலரே. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலையைப் பற்றி எழுந்த நூல்களை மதிப்பிடுங்கால் இக்கேள்வியைத் தள்ளிவைக்க இயலாது. அந்நூல்களின் சுவையும் குறையும் இக்கேள்விக்கு அவை தரும் விடையிலேயே அடங்கியுள்ளன.

அந்நாட்டின் நடுப்பகுதியிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் கன்பேரல் நெடுஞ்சாலை இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். பெயரளவில்தான் அது நெடுஞ்சாலை. உண்மையில் செம்மண்ணும் மணலும் கல்லும் மாறி மாறி வரும் மண்பாதை. வண்டியின் அச்சையும் வில்லையும் முறித்துவிடும் அளவிற்கு அதன் மேற்பரப்பு அலையலையாய்க் குழிந்து கிடக்கும் இடங்கள் பல. நான்கு சக்கரங்களும் உந்தும் வண்டிகளில், சிலர் அவற்றின் பின்னே உறுதியான கேரவன் எனும் வீட்டு வண்டியையும் பூட்டி, பல நாட்களுக்கான நீரும் உணவும் எரிபொருளும் ஏற்றிக்கொண்டு இப்பாதையில் செல்கின்றனர். அவர்களுள் பலர் படித்துவிட்டுப் புறப்படும் நூல்கள் இரண்டு. ஒன்று லென் பீடெல் எழுதி 1965இல் வெளிவந்த ‘டூ லாங் இன் த புஷ்’. மற்றொன்று ராபின் டேவிட்சன் எழுதி 1980இல் வெளிவந்த ‘டிராக்ஸ்’. இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பவர் மூன்றாவதாக ஒரு நூலையும் படித்தல் வேண்டும். அது பின்னர்க் கூறப்படும்.

சாலை போட்டவரின் நூல்

பீடெல் தொழிலால் நில அளவையாளர். 1923இல் பிறந்து 1995இல் மறைந்தவர். 1955ஆம் ஆண்டிற்கும் 1963ஆம் ஆண்டிற்கும் இடையே அவரும் அவருடைய சிறு குழுவினரும் நடு ஆஸ்திரேலியப் பாலையில் வெட்டிய பாதைகளின் மொத்த நீளம் 6,000 கிலோமீட்டருக்கும் மேலாகும். அவற்றுள் முதன்மையானது கன்பேரல். 1955இல் தொடங்கி 1958இல் முடிந்த அப்பாதை ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நீண்டு, மேற்கே கார்னெகி என்னும் கால்நடைப் பண்ணையை எட்டுகிறது. பாதை துப்பாக்கிக் குழலைப் போல நேராக இருத்தல் வேண்டும் என்னும் அவருடைய விருப்பமே அதற்குப் பெயராயிற்று.

வேலை நடந்த முறையை அவர் சொல்லும் விதம் இன்றும் சுவை குன்றாதது. முதலில் அவர் தனியே தம் லேண்ட்ரோவர் வண்டியில் புதர்களை மோதித் தள்ளிக்கொண்டு முன்னே செல்வார். இரவில் விண்மீன்களை நோக்கிக் கணக்கிட்டு, தாம் நிற்கும் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் வரையறுப்பார். பகலில் கண்ணாடியைக் கதிரவன்பால் திருப்பி ஒளி காட்டுவார். புல்டோசர் ஓட்டுபவர் அவ்வொளியைக் குறியாகக் கொண்டு புதரைச் சாய்த்து வருவார். அதன் பின்னே சமன்செய்யும் பொறி வரும். உணவும் எரிபொருளும் கொணரும் லாரி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய் மீண்டு வரும். ஈயும் வெயிலும் ஓயாமல் வாட்டும். மல்கா மரக்கட்டை குத்திச் சக்கரங்கள் வெடிக்கும். பல்வலியால் துடிக்கும் தோழனுக்கு மருத்துவர் வரும் வழியில்லாமையால் பீடெலே பல்லைப் பிடுங்குவார். இவற்றையெல்லாம் அவர் புலம்பலின்றி, தம்மையே எள்ளிக்கொண்டு எழுதுகிறார். உடல் உழைப்பைப் பற்றிய நகைச்சுவை உரைநடைக்கு இந்நூல் நல்ல சான்று. பொறியைப் பழுதுபார்ப்பதையும் தேநீர் காய்ச்சுவதையும் ஒரே கவனத்துடன் எழுதும் எழுத்தாளர் சிலரே. அவ்வரிசையில் பீடெலுக்கு இடமுண்டு.

தாம் கடந்த இடங்களில் அவர் அலுமினியத் தகடுகளை நட்டார். இடத்தின் அளவையும் நாளையும் எழுத்து எழுத்தாக அச்சாணியால் தட்டிப் பதித்து, மரத்திலோ கம்பத்திலோ ஆணியடித்து வைத்தார். அசல் தகடுகளில் பல, நினைவுப் பொருள் தேடுவோரால் களவு போயின. பல இடங்களில் இன்று காண்பவை நகல்களே. அவருடைய உரைநடைக்கும் அத்தகடுகளுக்கும் ஒற்றுமையுண்டு. இரண்டும் தெளிவானவை, சுருக்கமானவை, அளவில் பிழையற்றவை. இரண்டும் அந்த இடத்தின் பழைய பெயரைச் சொல்வதில்லை.

கணக்கில் வராதவை

இப்பாதை எதற்காகப் போடப்பட்டது என்னும் வினா நூலைப் படிப்பவர் மனத்தில் எளிதில் எழாது. அவ்வளவு விறுவிறுப்பாகக் கதை ஓடுகிறது. ஆனால் விடை மறைவானதன்று. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து தென் ஆஸ்திரேலியாவில் வூமெரா என்னும் ராக்கெட் சோதனைத் தளத்தை 1947இல் அமைத்தன. அங்கிருந்து வடமேற்கே ஏவப்படும் ராக்கெட்டுகள் பாலைக்கு மேலே பறக்கும். அப்பரப்பிற்குப் போக்குவரத்து வேண்டும், வானிலை நிலையம் வேண்டும். 1956இல் ஜைல்ஸ் வானிலை நிலையம் எழுந்ததும், கன்பேரல் வெட்டப்பட்டதும் இத்தேவையால்தான். 1953 அக்டோபரில் எமு ஃபீல்டில் வெடித்த இரண்டு அணுகுண்டுகளுக்கு இடம் தேடிக் கொடுத்தவரும் பீடெலே. வூமெரா என்னும் சொல், ஈட்டியை விசையுடன் எறிவதற்குப் பூர்வகுடியினர் கையாளும் கோலின் பெயர். அவர்களுடைய கருவியின் பெயரைத் தளத்திற்குச் சூட்டியவர்கள், அவர்களுடைய நிலம் என்பதை மட்டும் மறந்தனர்.

பூர்வகுடி மக்கள் பீடெலின் நூலில் இல்லாமலில்லை. அவர் அவர்களைச் சந்திக்கிறார். பகைமையின்றி, ஒருவகைப் பரிவுடனேயே எழுதுகிறார். எனினும் அவர்கள் வழியில் எதிர்ப்பட்ட வியப்புகளாகவே வந்து மறைகின்றனர். சாலை அவர்களுடைய நீர்நிலைகளுக்கும் வழிபாட்டிடங்களுக்கும் என்ன செய்யும் என்பது பேச்சில் வருவதில்லை. தாம் வெட்டிய பாதைகளுக்கும் சந்திப்புகளுக்கும் மனைவி ஆன், மகள் கான்னி சூ, மகன் கேரி, மகள் ஜாக்கி ஆகியோரின் பெயர்களை அவர் சூட்டினார். ஒரு தந்தையின் அன்பு அதில் தெரிகிறது. பெயரில்லாத நிலம் என்னும் நம்பிக்கையும் அதில் தெரிகிறது.

அக்காலத்தில் எவரும் இதை அறியார் என்று பீடெலுக்காக வாதிடுவோர் உண்டு. அவ்வாதம் முழுமையாகப் பொருந்தாது. சோதனைத் தளத்தின் சார்பில் பூர்வகுடியினரைக் கவனித்துவந்த வால்டர் மக்டூகல் என்னும் அதிகாரி, ஜைல்ஸ் நிலையத்தால் அம்மக்களுக்கு நேரும் கேட்டை எடுத்துரைத்து எதிர்ப்புத் தெரிவித்தார். பிரிட்டிஷ் காமன்வெல்த் முழுவதன் நலத்தைவிட ஒரு கைப்பிடிப் பூர்வகுடியினரின் நலத்தை அவர் பெரிதாக எண்ணுகிறார் என்று 1956இல் மேலிடம் அவரைக் கடிந்துகொண்டது. வார்பர்ட்டன் மலைப்பகுதி மக்களின் பசியையும் நோயையும் படம்பிடித்த ஒரு திரைப்படம் 1957இலேயே ஆஸ்திரேலியாவில் பேரதிர்ச்சியை உண்டாக்கியது. ஆதலின் 1965இல் வெளிவந்த நூல் இவற்றைப் பற்றி ஒன்றும் கேளாமல் கடந்து செல்வது காலத்தின் குற்றம் மட்டுமன்று. அது நூலின் நோக்கிலேயே உள்ள குறை.

இக்குறையைத் தமிழ்த் திறனாய்வின் சொற்களால் இன்னும் தெளிவாகச் சொல்லலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், தொழில் போன்றவை கருப்பொருள். பீடெலின் நூலில் முதற்பொருள் பாகைக் கணக்கில் துல்லியமாக நிற்கிறது. கருப்பொருளோ அறவே மெலிந்து கிடக்கிறது. மரம் வண்டிச் சக்கரத்தைக் குத்தும் கட்டையாக மட்டுமே வருகிறது. எது உணவு, எது மருந்து, எந்தப் பாறைக்கு எந்தக் கதை என்பன அங்கே இல்லை.

ஒட்டகச் சாத்து

பீடெல் வெட்டிய பாதையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து ஓர் இளம்பெண் கால்நடையாக வந்தார். 1950இல் குவீன்ஸ்லாந்தில் பிறந்த ராபின் டேவிட்சன் 1977இல் நான்கு ஒட்டகங்களுடனும் டிக்கிட்டி என்னும் நாயுடனும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பகுதியிலிருந்து புறப்பட்டு, 2,700 கிலோமீட்டர் கடந்து இந்துமாக் கடற்கரையை அடைந்தார். வார்பர்ட்டனுக்கு மேற்கே அவர் சென்ற வழி கன்பேரலே. புல்டோசர் சாய்த்த பாதையில் காற்குளம்புச் சாத்து ஒன்று சென்றது வரலாற்றின் விந்தை. ஏனெனில் அப்பாலையில் முதலில் பொருள் சுமந்தவை லாரிகளல்ல, ஒட்டகங்களே.

ஆஸ்திரேலியாவிற்குப் பெருமளவில் ஒட்டகங்கள் வந்தது 1860இல் பர்க், வில்ஸ் ஆகியோரின் பயணக் குழுவிற்காகக் கராச்சியிலிருந்து அவை கொணரப்பட்டபோதாகும். அவற்றை மேய்த்துப் பழக்கியவர்கள் ஆப்கானிஸ்தானம், பலூசிஸ்தானம், சிந்து, பஞ்சாப் ஆகிய பகுதிகளிலிருந்து வந்தோர். எல்லாரையும் ‘ஆப்கானியர்’ என்றே அந்நாடு அழைத்தது. தந்திக் கம்பமும் இரும்புப் பாதையும் கம்பளி மூட்டையும் அவர்கள் உழைப்பால் நகர்ந்தன. லாரி வந்ததும் ஒட்டகத்தின் காலம் முடிந்தது. பதிவு செய்யாத ஒட்டகங்களைச் சுட்டுக்கொல்ல 1925இல் தென் ஆஸ்திரேலியாவில் சட்டமும் பிறந்தது. பல உரிமையாளர்கள் தம் விலங்குகளைக் கொல்ல மனமின்றிக் காட்டில் விட்டனர். அவற்றின் வழிவந்த காட்டொட்டகங்களையே டேவிட்சன் பழக்கினார். அக்கலையை அவருக்குப் பரிவுடன் கற்பித்தவர் சாலே முகமது என்னும் ஆப்கானிய வழிவந்த ஒட்டகக்காரர்.

‘டிராக்ஸ்’ நூலின் முதற்பகுதி முழுவதும் இக்கல்வியைப் பற்றியது. புறப்படுமுன் ஏறத்தாழ இரண்டாண்டுகள் அவர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் உழைத்தார். ஒட்டகத்தின் மூக்கணியை இடுவது, சேணம் தைப்பது, கால்கட்டுப் போடுவது, நோய்க்கு ஊசியிடுவது என ஒவ்வொன்றும் விரிவாக வருகிறது. அந்நகரில் பூர்வகுடி மக்கள் நடத்தப்பட்ட இழிநிலையையும், ஒரு பெண் தனியே நடமாடுவதன் இடரையும் அவர் ஒளிக்காமல் எழுதுகிறார். பயணம் தொடங்குமுன்னரே பாலையின் மக்களை வாசகர் சந்தித்துவிடுகின்றனர். பீடெலின் நூலில் இல்லாத அடித்தளம் இது.

எடியின் வழி

நூலின் உயிர்நாடியான பகுதி பிபல்யாஜரா என்னும் இடத்தில் தொடங்குகிறது. அங்கே எடி என்னும் பிச்சஞ்சஜாரா முதியவர் டேவிட்சனுடன் வழித்துணையாகச் சேர்கிறார். இருவருக்கும் பொதுமொழி சிறிதே. ஆயினும் அவருடன் நடக்குந்தோறும் டேவிட்சனின் நடையும் எழுத்தும் மாறுகின்றன. அதுவரை நாளொன்றுக்கு இத்தனை தொலைவு என்று கணக்கிட்டு ஓடியவர், நிற்கவும் உட்காரவும் கற்கிறார். எங்கே நீர், எது உண்ணத்தக்கது, எந்த இடம் யாருக்குரியது என்பன எடியின் சைகையிலும் பாட்டிலும் விரிகின்றன. பீடெல் விண்மீனை நோக்கி இடத்தை அறிந்தார். எடி தம் மக்களின் கதையை நினைவுகூர்ந்து இடத்தை அறிந்தார். இரண்டும் அறிவே. ஒன்று வரைபடத்தில் ஏறியது. மற்றொன்றைச் சட்டம் ஒப்புக்கொள்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

வண்டியில் வந்த சுற்றுலாப் பயணிகள் சிலர் எடியை மதிப்பின்றி விளித்துப் படமெடுக்க முயலும் காட்சி ஒன்று உண்டு. எடி பித்துப் பிடித்தவர்போல் கோலைச் சுழற்றிக் கூச்சலிட்டு அவர்களை மிரளவைக்கிறார். அவர்கள் சென்றபின் இருவரும் தாளாமல் சிரிக்கின்றனர். இந்நகைச்சுவை பீடெலின் நகைச்சுவையிலிருந்து வேறுபட்டது. அங்கே வெயிலையும் சக்கரத்தையும் கண்டு சிரிக்கிறோம். இங்கே பார்வையிட வந்தவரே நகைப்பிற்குரியவராகின்றார். கேரவனில் செல்லும் வாசகர் ஒவ்வொருவரும் தம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

எடியிடம் விடைபெற்றபின் தொடரும் கன்பேரல் பகுதி தனிமையின் உச்சம். அதன் பின்னர், காட்டு நாய்களுக்கு வைத்த நஞ்சை உண்டு டிக்கிட்டி துடிக்க, டேவிட்சனே அதைச் சுட நேர்கிறது. அச்செய்தியை அவர் மிகைப்படுத்தாமல் சில வரிகளில் முடிக்கிறார். ஆங்கிலப் பயண இலக்கியத்தில் இத்தகைய அடக்கம் எளிதில் வாய்ப்பதன்று.

குறைகளும் உண்டு. பயணத்திற்குப் பணம் போதாமையால் டேவிட்சன் ‘நேஷனல் ஜியாகிரபிக்’ சஞ்சிகையிடம் 4,000 டாலர் பெற்றார். அதன் பொருட்டுப் புகைப்படக்காரர் ஒருவர் இடையிடையே வந்து படமெடுத்தார். படமெடுக்கலாகாத சடங்குகளையும் அவர் படமெடுத்தது, அம்மக்கள் டேவிட்சன்மீது கொண்ட நம்பிக்கையைக் குலைத்தது. 1978 மே இதழில் கட்டுரை வெளிவந்து அவரைப் புகழ்பெறச் செய்தது. தனிமையை நாடியவர் தனிமையை விற்றே அதை அடைந்தார் என்னும் முரண்பாட்டை நூல் மறைக்கவில்லை. ஆனால் அதற்குத் தீர்வும் காணவில்லை. எடியின் மனத்தில் இப்பயணம் என்னவாக இருந்தது என்பதும் வாசகருக்குத் தெரியவருவதில்லை. அவர் அன்புடன் வரையப்பட்டவர். ஆயினும் பிறரால் வரையப்பட்டவரே. ஜான் கரன் இயக்கி 2013இல் வெளிவந்த திரைப்படம் நிலக்காட்சியால் கண்ணைக் கவர்கிறது. ஆனால் நூலில் உள்ள அரசியல் சினத்தைத் தணித்து, புகைப்படக்காரருடன் கொண்ட உறவிற்கு மிகையான இடம் தருகிறது.

மூன்றாவது குரல்

இவ்விரு நூல்களாலும் நிரப்ப இயலாத இடத்தை 2005இல் வெளிவந்த ‘கிளியர்ட் அவுட்’ என்னும் நூல் நிரப்புகிறது. சூ டேவன்போர்ட், பீட்டர் ஜான்சன் ஆகியோருடன் யுவாலி என்னும் மார்ட்டு இனப் பெண்மணியும் அதன் ஆசிரியர். 1964இல் வூமெராவிலிருந்து ‘புளூ ஸ்ட்ரீக்’ ராக்கெட் ஏவப்படவிருந்தது. அது விழக்கூடிய பரப்பில் மக்கள் இருக்கின்றனரா என்று தேடி அதிகாரிகள் வண்டிகளில் வந்தனர். பெர்சிவல் ஏரிகளின் பக்கம், வெள்ளையரை அதுவரை கண்டிராத பெண்களும் குழந்தைகளுமாக 20 பேர் இருந்தனர். அவர்களுள் ஒருவர் பதினேழு வயதுப் பெண்ணாகிய யுவாலி. வந்த வண்டியைப் பாறை உயிர்பெற்று நகர்கிறது என்று எண்ணி அவர்கள் அஞ்சி ஓடினர். இறுதியில் ஜிகலாங் என்னும் சமயப்பணி நிலையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

நூலின் அமைப்பே அதன் வலிமை. அதிகாரிகள் அன்றாடம் எழுதிய அறிக்கை ஒருபுறம், அதே நாட்களை நினைவுகூரும் மார்ட்டு மக்களின் வாய்மொழி மறுபுறம். தேடியவர் கதையும் ஓடியவர் கதையும் எதிரெதிரே நிற்கின்றன. அறிக்கையில் ‘தடம் காணப்பட்டது’ என்றிருக்கும் நாளில், அத்தடத்திற்குரிய பெண் எந்த மணல்மேட்டின் பின்னே மூச்சடக்கிப் படுத்திருந்தாள் என்பது வாய்மொழியில் வருகிறது. இதே வரலாற்றை வைத்து 2009இல் ‘கான்டாக்ட்’ என்னும் ஆவணப்படமும் வந்தது. பீடெலின் குழு வெட்டிய பாதைகள் பாலைக்குள் ஓடாதிருந்தால் அதிகாரிகளின் வண்டிகள் அவ்வளவு தொலைவு எளிதில் வந்திரா. அந்தக் கண்ணாடி ஒளியும் பல்பிடுங்கிய கதையும் எங்கே போய் முடிந்தன என்பது இம்மூன்றாவது நூலில்தான் தெரிகிறது.

தொல்காப்பியர் நான்கு நிலங்களைப் பெயர் சொல்லிப் பகுத்தார். பாலைக்கெனத் தனி நிலம் கூறவில்லை. பாலைக்கு உரிப்பொருளாவது பிரிவு. இக்கருத்து இங்கே புதுப்பொருள் பெறுகிறது. யுவாலியின் மக்களுக்கு அந்நிலம் பாலையாக இருந்ததில்லை. உண்ணவும் பாடவும் பெயர்கள் நிறைந்த வீடாக இருந்தது. அவர்கள் வண்டியேறிப் பிரிந்த நாளில்தான் அது பாலையாயிற்று. கடந்து செல்வோர் வெறுமை என்று கண்டது, வாழ்ந்தோரை அகற்றியபின் உண்டான வெறுமையும் ஆகும்.

மதிப்பீடு

மூன்று நூல்களுள் எது சிறந்தது என்று கேட்பின், இலக்கிய நயத்தில் ‘டிராக்ஸ்’ முதலிடம் பெறும். தொழிலைச் சொல்லும் தெளிவில் பீடெல் எவருக்கும் இளைத்தவரல்லர். உண்மையின் கனத்தில் ‘கிளியர்ட் அவுட்’ மற்ற இரண்டையும் விஞ்சும். பீடெலைப் படிக்காமல் ஒதுக்குவது முறையன்று. அவர் குழுவினரின் உழைப்பு மெய்யானது. அதை ஏளனம் செய்வோர், தாமே ஒருநாள் அப்பாதையில் சக்கரம் மாற்றிப் பார்த்தல் நன்று. ஆனால் அவரை மட்டும் படித்துப் புறப்படுவோர் அவருடைய கண்ணாலேயே அந்நிலத்தைப் பார்த்துத் திரும்புவர்.

சட்டமும் மெல்ல மாறியுள்ளது. 1981இல் பிச்சஞ்சஜாரா மக்களின் நில உரிமையைத் தென் ஆஸ்திரேலியா சட்டமாக்கியது. மார்ட்டு மக்களின் பூர்வ உரிமையை 2002இலும், வார்பர்ட்டனைச் சூழ்ந்த ஙான்யாஜரா மக்களின் உரிமையை 2005இலும் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. கன்பேரலில் செல்லும் பயணி இன்று முன்னதாக அனுமதிச்சீட்டுப் பெறுதல் வேண்டும். அச்சீட்டு, பீடெலின் தகடுகள் சொல்லாத செய்தியைச் சொல்கிறது. நிலத்திற்கு உரியவர் இருக்கின்றனர், வருபவர் அவர்களுடைய விருந்தினர் என்பதே அச்செய்தி. விருந்தினராகச் செல்லும் மனம் வாய்த்தவருக்கு அந்நெடும்பாதையில் வெறுமை தோன்றாது. அம்மனத்தை வாசகரிடம் எவ்வளவு உண்டாக்குகிறது என்பதைக் கொண்டே இனி வரும் பாலைப் பயண நூல்களையும் மதிப்பிடல் தகும்.